மூன்று முறை எழுதச் சொன்ன இலக்கணப் பாடம்

ஒரு மாணவனுக்கு இலக்கணம் தெரியுமா, தெரியாதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசிரியர்கள் காலங்காலமாகக் கையாண்டு வரும் வழிகள் சில உண்டு. சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்லலாம். வினாத்தாளில் "இலக்கணக் குறிப்பு தருக" என்று கேட்கலாம். படிக்காமல் வந்தவனை "மூன்று தடவை எழுதிக்கொண்டு வா" என்று அனுப்பலாம். இந்த மூன்றாவது வழி தேர்வா, தண்டனையா என்பது மாணவனுக்கும் தெரியாது. பல நேரங்களில் ஆசிரியருக்கும் தெரியாது!

1896ஆம் ஆண்டு மதுரையில் பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு இந்தத் தண்டனை கிடைத்தது. அவன் அதை முடிக்கவில்லை. பாதியில் எழுந்து ரயில் ஏறித் திருவண்ணாமலைக்குப் போய்விட்டான். அந்தப் பையனின் பெயர் வேங்கடராமன். பிற்காலத்தில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

இந்த நிகழ்ச்சியை ஆன்மிக வரலாறாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இதற்குள் இன்னொரு வரலாறும் இருக்கிறது. அது இலக்கணம் கற்பிப்பதின் வரலாறு, இலக்கண அறிவை அளப்பதின் வரலாறு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

மதுரையில் ஒரு சனிக்கிழமை

வேங்கடராமன் 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தவர். 1892இல் தந்தை சுந்தரம் ஐயர் காலமான பிறகு மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார். முதலில் ஸ்காட் நடுநிலைப் பள்ளி, பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி. நல்ல ஞாபகசக்தி உள்ள மாணவர். ஒரு தடவை காதில் விழுந்த பாடத்தைத் திருப்பிச் சொல்லிவிடுவார். ஆனால் படிப்பில் பெரிய அக்கறை கிடையாது. விளையாட்டில்தான் ஆர்வம் அதிகம்.

1896 ஜூலையில் அவருக்கு மரணத்தைப் பற்றிய ஓர் ஆழ்ந்த அனுபவம் ஏற்பட்டது. அதன் பிறகு படிப்பில் இருந்த கொஞ்சம் அக்கறையும் போய்விட்டது. ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படிக்காமல் போனார். பெயின் எழுதிய இலக்கணப் புத்தகத்திலிருந்து ஒரு பாடத்தை மூன்று முறை எழுதி வர வேண்டும் என்று தண்டனை கிடைத்தது.

ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். இரண்டு முறை எழுதி முடித்தார். மூன்றாவது முறை எழுதக் கை வரவில்லை. தாள்களைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த அண்ணன் நாகசாமிக்குக் கோபம். இப்படி உட்கார்ந்திருப்பவனுக்குப் படிப்பும் புத்தகமும் எதற்கு என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். தம்பிக்கு அது நியாயமாகவே பட்டது!

பள்ளியில் சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று சொல்லி எழுந்தார். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப் போய்க் கல்லூரியில் என் சம்பளத்தைக் கட்டிவிடு என்றார் அண்ணன். வேங்கடராமன் மூன்று ரூபாயை வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டார். மீதி இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் புறப்பட்டார். இந்த விவரங்களை எல்லாம் பி. வி. நரசிம்ம சுவாமி 1931இல் வெளியான வாழ்க்கை வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார்.

யார் இந்தப் பெயின்?

அலெக்சாண்டர் பெயின் 1818இல் ஸ்காட்லாந்தின் அபெர்டீன் நகரில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவர். 1860இல் அபெர்டீன் பல்கலைக்கழகத்தில் தர்க்கத்துக்கும் ஆங்கிலத்துக்கும் பேராசிரியர் ஆனார். மாணவர்களுக்காக 1863இல் ஆங்கில இலக்கணம் எழுதினார். அவருடைய பாடநூல்கள் கடல் கடந்து சென்னை மாகாணத்துக்கும் வந்தன.

ஆனால் பெயினுக்கு உண்மையான புகழ் தந்தது இலக்கணம் அல்ல, உளவியல். உளவியலும் தத்துவமும் பேசும் 'மைண்ட்' என்ற ஆய்விதழை 1876இல் தொடங்கியவர் அவர். மனித மனம் எப்படிக் கற்கிறது, பழக்கம் எப்படி உருவாகிறது என்பதை ஆராய்ந்து பெரிய நூல்கள் எழுதியவர். சேர்ந்து வரும் அனுபவங்கள் மனதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஒட்டுதல் பலப்படுகிறது என்பது அவர் கொள்கை. அதற்கு மனம் அந்தப் பொருளில் ஊன்றியிருக்க வேண்டும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். மனம் எப்படிக் கற்கிறது என்று ஆராய்ந்தவரின் புத்தகம், மனம் சிறிதும் ஒட்டாமல் கை மட்டும் எழுதும் தண்டனைக்குப் பயன்பட்டது. 'திரும்பத் திரும்ப' என்ற பாதியை வகுப்பறை எடுத்துக்கொண்டது. 'மனம் ஊன்றி' என்ற பாதியை விட்டுவிட்டது.

இதற்கு அந்த ஒரு ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கப்பட்டது. அதன் மெட்ரிகுலேஷன் தேர்வுதான் அன்று கல்லூரிக்கும் நல்ல உத்தியோகத்துக்கும் வாசல். அந்த வாசலைத் தாண்ட ஆங்கிலம் வேண்டும். வீட்டில் ஆங்கிலம் பேசாத பையனுக்கு ஆங்கிலத்தின் பழக்கம் எங்கிருந்து வரும்? ஆகவே விதியை மனப்பாடம் செய்வது குறுக்கு வழி ஆயிற்று. மொழி பழகிய பிறகு இலக்கணம் என்பது மாறி, இலக்கணத்தின் வழியாக மொழி என்று ஆயிற்று.

பாடப் புத்தகம் அன்று இன்னொரு விதத்திலும் கைவிட்டது. திருவண்ணாமலைக்கு எப்படிப் போவது என்று பார்க்க வேங்கடராமன் ஒரு பழைய அட்லஸைப் புரட்டினார். திண்டிவனம்தான் அருகில் உள்ள ரயில் நிலையம் என்று முடிவு செய்து இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்குச் சீட்டு வாங்கினார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் பாதை போடப்பட்டுவிட்டது அந்த அட்லஸில் இல்லை. வண்டியில் உடன் வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் அது தெரிந்தது! செப்டம்பர் 1 செவ்வாய்க்கிழமை காலை அவர் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார்.

கடிதத்தில் ஒரு 'வழு'

அண்ணனுக்கு எழுதி வைத்த அந்தச் சிறு கடிதம் இன்று புகழ் பெற்றது. அதை ஓர் இலக்கண ஆசிரியர் சிவப்பு மையோடு திருத்த உட்கார்ந்தால் என்ன ஆகும்?

கடிதம் 'நான்' என்று தொடங்குகிறது. தன்மை ஒருமை; சரி. அடுத்த வாக்கியத்திலேயே எழுதியவர் தம்மை 'இது' என்று குறிப்பிடுகிறார். தன்மை படர்க்கையாக மாறிவிட்டது. உயர்திணை அஃறிணையாக மாறிவிட்டது. கடைசியில் 'இப்படிக்கு' என்று எழுதியவர் பெயரே போடவில்லை. ஒரு கோடு மட்டும் இருக்கிறது. அதாவது எழுவாய் படிப்படியாகக் காணாமல் போகிறது!

நன்னூல் ஏழு வகை வழுக்களைச் சொல்கிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. இந்தக் கடிதத்தில் திணை வழு ஒன்று, இட வழு ஒன்று. அவசரமாகத் திருத்துபவர் இரண்டு மதிப்பெண் குறைத்துவிடுவார்.

ஆனால் அதே நன்னூல் வழுவமைதி என்ற ஒன்றையும் சொல்கிறது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிப்பு ஆகிய காரணங்களால் பாலும் திணையும் மாறி வந்தால் அது குற்றம் ஆகாது. ஓர் இடத்துக்குரிய சொல் வேறோர் இடத்துக்கு வருவதையும் அது ஏற்றுக்கொள்கிறது. மகளைப் பார்த்து அம்மா "வாடா கண்ணா" என்று கொஞ்சுவதும், வீட்டுப் பசுவை "என் அம்மை வந்தாள்" என்று சொல்வதும் இந்த வகைதான்.

ஆக, ஒரே வாக்கியம் பிழையாகவும் இருக்கலாம், பிழை ஆகாமலும் இருக்கலாம். எதனால் அப்படி எழுதப்பட்டது என்று கேட்டால்தான் தெரியும். 'நான்' என்று சொல்லிக்கொள்ள ஒருவர் தயங்கியதால் 'இது' வந்தது. எழுதும்போது அவர் எந்தச் சூத்திரத்தையும் நினைத்திருக்க மாட்டார். இருந்தாலும் மொழி அவருக்கு இடம் கொடுத்தது. மதுரையில் மூன்று முறை எழுதும் தண்டனையால் அளக்கவே முடியாத ஒரு மொழியறிவு, அதே நாளில் எழுதிய நான்கு வரிக் கடிதத்தில் வெளிப்பட்டது.

நன்னூல் சொல்லும் மதிப்பீட்டு முறை

"அந்தக் காலத்தில் தமிழ் இலக்கணமும் மனப்பாடம்தானே?" என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்ற கங்கச் சிற்றரசனின் ஆதரவில் நன்னூலை இயற்றினார். சமண முனிவர் அவர். எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேசும் இந்த நூல், பாயிரத்தில் வேறொன்றைப் பேசுகிறது. ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணவர்கள் எத்தனை வகை, பாடத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் விரிவாகச் சொல்கிறது. பாடம் நடத்தும் முன் ஆசிரியர் படிக்க வேண்டிய பகுதி என்றே சொல்லலாம்.

அதில் மாணவர்களைத் தரம் பிரிக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. அன்னமும் பசுவும் முதல் தரம். அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும். பசு கிடைத்ததை மேய்ந்துவிட்டு ஓரிடத்தில் உட்கார்ந்து அசைபோடும். மண்ணும் கிளியும் இடைத் தரம். மண் உழைத்த அளவுக்குத் தரும். கிளி சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொல்லும். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைத் தரம். நெய்யரி நெய்யைக் கீழே விட்டுவிட்டு அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இங்கே கவனிக்க வேண்டியது கிளியின் இடம். பிழையில்லாமல் ஒப்பிக்கும் மாணவனுக்கு நன்னூல் தரும் மதிப்பு இடைத் தரம்தான். இன்றைய பல தேர்வுகளில் கிளிக்கு நூற்றுக்கு நூறு!

இன்னொரு கணக்கையும் நன்னூல் சொல்கிறது. ஒரு நூலை இரண்டு முறை கேட்டால் பிழை நீங்கும். மூன்று முறை கேட்டால் முறையறிந்து எடுத்துச் சொல்லும் ஆற்றல் வரும். இங்கேயும் 'மூன்று முறை'தான். ஆனால் மூன்றாவது முறையின் பயன் என்ன என்பதில்தான் வேறுபாடு. மதுரைத் தண்டனையில் மூன்றாவது முறை என்பது முதல் முறையின் நகல். நன்னூலில் மூன்றாவது முறை என்பது மாணவன் பேசத் தொடங்கும் இடம்.

அதற்கும் மேலே ஒரு படி உண்டு. ஆசிரியர் சொன்னதை முழுதும் வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகும்போது இன்னொரு கால் பங்கு கிடைக்கும். மற்ற அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் கிடைக்கும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சொன்ன கணக்கு இது.

திருவண்ணாமலையில் நடந்த படிப்பு

பள்ளியை விட்டு ஓடி வந்தவருக்குத் திருவண்ணாமலையில் படிப்பு முடிந்துவிட்டதா? இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

தொடக்கத்தில் அவர் யாரோடும் பேசுவதில்லை. ஊருக்கு வெளியே குருமூர்த்தம் என்ற இடத்தில் இருந்தபோது, தாலுகா அலுவலகத்தில் தலைமைக் கணக்கராக இருந்த ஒருவர் வந்தார். சுவாமியின் பெயரும் ஊரும் தெரியாமல் இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் 'வேங்கடராமன், திருச்சுழி' என்று ஆங்கில எழுத்துகளில் எழுதிக் காட்டினார். சாமியாருக்கு ஆங்கிலம் தெரிகிறதே என்று வந்தவருக்கு வியப்பு. ஆனால் ஊர்ப் பெயரை அவரால் படிக்க முடியவில்லை. ஆங்கில எழுத்தில் நம் 'ழ' எப்படித் தெரியும்? உடனே பக்கத்தில் இருந்த பெரியபுராணப் புத்தகத்தை எடுத்து, இந்த எழுத்து என்று தொட்டுக் காட்டினார். மௌனத்தில் நடந்த எழுத்திலக்கணப் பாடம் இது!

அந்தக் காலத்தில் அவருக்குத் தொண்டு செய்தவர் பழனிசுவாமி. இவர் மலையாளி. தமிழ் வேதாந்த நூல்களை எங்கிருந்தாவது வாங்கி வந்து, எழுத்துக் கூட்டிச் சிரமப்பட்டுப் படித்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துவிட்டு ரமணர் தாமே அந்த நூல்களை வாங்கிப் படித்து, அவற்றின் சாரத்தைப் பழனிசுவாமிக்குச் சொல்வார். இப்படிப் பிறருக்காகப் படித்தே அவர் பல நூல்களில் தேர்ச்சி பெற்றார். பழனிசுவாமியிடமிருந்து மலையாளமும் வந்து சேர்ந்தது. நன்னூல் சொன்ன அரைப் பங்கு என்பது இதுதான்.

அறிவினாவும் அறியா வினாவும்

வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது நன்னூல். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. இவற்றில் முதல் இரண்டையும் கவனித்தால் தேர்வு என்பதன் இயல்பே விளங்கிவிடும்.

தனக்கு விடை தெரிந்திருந்தும், மாணவனுக்குத் தெரியுமா என்று பார்க்க ஆசிரியர் கேட்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. வினாத்தாளில் உள்ள எல்லாக் கேள்விகளும் அறிவினாக்கள். மாணவன் கேட்கும் நல்ல கேள்விகள் எல்லாம் அறியா வினாக்கள். தேர்வு முறையில் முதல் வகைக்கு மட்டுமே மதிப்பெண் உண்டு. இரண்டாவது வகைக்கு இடமே இல்லை.

வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்ற தத்துவப் பட்டதாரி 1902 அளவில் திருவண்ணாமலைக்கு வந்தார். அவர் கேட்டவை அறியா வினாக்கள். மௌனமாக இருந்த ரமணர் தரையிலும் பலகையிலும் எழுதிப் பதில் சொன்னார். அந்தக் கேள்வி பதில்கள் 1923இல் 'நான் யார்?' என்ற சிறு நூலாக வெளிவந்தன. பின்னர் அவற்றை ரமணரே கட்டுரை வடிவில் திருத்தி அமைத்தார். மதுரையில் எழுதி முடிக்காத பாடத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, யார் கேள்வி கேட்டார், எதற்காகக் கேட்டார் என்பதில் இருக்கிறது.

விடையையும் நன்னூல் எட்டாகப் பிரிக்கிறது. அதில் ஒன்று 'வினா எதிர் வினாதல்', அதாவது கேள்விக்குக் கேள்வியையே பதிலாகச் சொல்வது. வந்தவர்கள் ஏதாவது கேட்டால், கேட்பது யார் என்று திருப்பிக் கேட்பது ரமணரின் வழக்கம். இலக்கணப்படி அது முறையான விடை. பொதுத் தேர்வில் அப்படி எழுதினால் பூஜ்யம்!

யாப்பு வைத்த தேர்வு

காவ்யகண்ட கணபதி முனிவர் (1878–1936) ஆந்திரப் பகுதியிலிருந்து வந்த வடமொழிப் புலவர். 1900இல் வங்காளத்தின் நவத்வீபத்தில் கூடிய பண்டிதர் சபையில், கொடுத்த அடிக்கு அந்த இடத்திலேயே கவிதை கட்டிக் காட்டி 'காவ்யகண்ட' பட்டம் பெற்றவர். அதுவும் ஒரு மொழித் தேர்வுதான். ஆனால் அங்கே விதியைச் சொல்லச் சொல்லவில்லை. விதிப்படி செய்து காட்டச் சொன்னார்கள். இவர் 1907 நவம்பர் 18 அன்று விரூபாட்ச குகையில் ரமணரைச் சந்தித்தார். 'பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி' என்று பெயரிட்டவரும் இவரே.

1917இல் கணபதி முனிவர் ரமணரிடம் வடமொழியில் ஆர்யா விருத்தத்தில் பாடும்படி கேட்டார். ரமணர் வடமொழியை முறையாகப் பயின்றவர் அல்லர். ஆர்யாவின் நான்கு பாதங்களில் மாத்திரைகள் முறையே 12, 18, 12, 15 என்று வர வேண்டும். அந்தக் கணக்குக்குள் பிறந்ததுதான் 'அருணாசல பஞ்சரத்னம்'. பிறகு அதையே தமிழிலும் தந்தார்.

தமிழில் இந்த வேலையைச் செய்தவர் முருகனார். சென்னையில் தமிழாசிரியராக இருந்த இவர் 1923இல் முதன்முதலில் திருவண்ணாமலைக்கு வந்தார். பின்னர் வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கினார். அவருடைய வேண்டுகோளால் 1927இல் 'உபதேச உந்தியார்' முப்பது பாடல்களும், 1928இல் 'உள்ளது நாற்பது' வெண்பாக்களும் தோன்றின. அங்கங்கே எழுதியிருந்த வெண்பாக்களைத் திரட்டி, பொருத்தமற்றவற்றை விலக்கி, புதியவற்றை எழுதிச் சேர்த்து நாற்பதாக்கினார்கள். ஒரு தமிழாசிரியரும் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து திருத்திய நூல் அது.

வெண்பா எவ்வளவு கறாரானது என்பது அலகிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மா முன் நிரை வர வேண்டும், விளம் முன் நேர், காய் முன் நேர். கடைசி அடியில் மூன்று சீர்தான். இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். ஓர் இடத்தில் தளை தட்டினாலும் காது காட்டிக் கொடுத்துவிடும். வெண்பாவைத் திருத்த வெளியிலிருந்து ஓர் ஆசிரியர் வர வேண்டியதில்லை. வெண்பா தன்னைத் தானே திருத்தும். பாராயணம் செய்ய வசதியாக, உள்ளது நாற்பதின் வெண்பாக்களுக்கு நடுவே சீர்களைச் சேர்த்து ஒரே கலிவெண்பாவாகவும் பின்னர் ரமணர் இணைத்தார். யாப்பு கைவந்தவர்களுக்குத்தான் அது முடியும். 1947இல் 'ஏகான்ம பஞ்சக'த்தை முதலில் தெலுங்கில் எழுதி, பிறகு தமிழ் வெண்பாவாகச் செய்தபோது அவருக்கு வயது அறுபத்தேழு.

மனப்பாடத்தின் பங்கு

இதிலிருந்து "பள்ளிக்கூடம் வேண்டாம், தேர்வு வேண்டாம்" என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ரமணர் ஒரு விதிவிலக்கு. அவருடைய ஞாபகசக்தியும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இலக்கணத்தை நினைவில் வைத்திராத ஒருவரால் வெண்பா எழுதவே முடியாது என்பதும் உண்மை.

நூல் கற்கும் முறையைச் சொல்லும் இடத்தில் நன்னூலும் மனப்பாடத்தை ஒதுக்கவில்லை. உலக வழக்கையும் நூல் வழக்கையும் அறிதல், பாடத்தைப் போற்றி வைத்துக்கொள்ளுதல், கேட்டதை நினைத்துப் பார்த்தல், ஆசிரியரிடம் மீண்டும் கேட்டல், ஒத்த மாணவரோடு பழகுதல், கேள்வி கேட்டல், கேட்டவருக்கு விடை சொல்லுதல் என்று வரிசையாகச் சொல்கிறது. ஏழு படிகள். அவற்றில் மனப்பாடம் ஒரு படி. குறை எங்கே என்றால், நம் வகுப்பறைகள் அந்த ஒரு படியிலேயே நின்றுகொண்டு அதுதான் மாடி என்று நினைப்பதில் இருக்கிறது.

இன்றைய வினாத்தாள்

இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இலக்கணத்தை அளக்கும் வழக்கமான கேள்விகள் மூன்று: இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம், அலகிட்டு வாய்பாடு எழுதுதல். மூன்றும் நல்ல கேள்விகள். ஆனால் மூன்றுமே கிளிக்கும் அன்னத்துக்கும் ஒரே மதிப்பெண் தரக்கூடியவை.

'படித்தான்' என்ற சொல்லைக் கொடுத்தால், படி பகுதி, த் சந்தி, த் இறந்தகால இடைநிலை, ஆன் ஆண்பால் வினைமுற்று விகுதி என்று மாணவர் எழுதிவிடுவார். பாடநூலின் பின்பக்கத்தில் இருப்பது அப்படியே வந்துவிடும். அதற்குப் பதிலாக, இணையத்தில் பலரும் விளையாட்டாக எழுதும் 'கூகிளித்தான்' என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். எந்த நோட்ஸிலும் இது இருக்காது. கூகிளி, த், த், ஆன் என்று பிரித்துக் காட்டுபவருக்கு இலக்கணம் உண்மையில் புரிந்திருக்கிறது. நேற்று வந்த சொல்லையும் பழைய விதி தாங்கி நிற்கிறது என்ற வியப்பும் அவருக்குக் கிடைக்கும்.

அதே போல, ஒரு வாக்கியத்தைக் கொடுத்து "பிழை திருத்துக" என்று மட்டும் கேட்காமல், "இது எந்தச் சூழலில் பிழை, எந்தச் சூழலில் பிழை ஆகாது?" என்று கேட்கலாம். வாரம் ஒரு மாணவரை எழுப்பிப் புணர்ச்சி விதி ஒன்றை மற்றவர்களுக்குச் சொல்லித் தரச் செய்து, அதற்கும் மதிப்பெண் தரலாம். குறளை அலகிட்ட பிறகு, தளை தட்டாமல் ஒன்றே முக்கால் அடி எழுதிப் பார்க்கச் சொல்லலாம். பொருள் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. மாணவர்கள் கேட்கும் அறியா வினாக்களை ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அதுவே அந்த வகுப்பின் உண்மையான மதிப்பெண் பட்டியலாக இருக்கும்.

நாற்பது, ஐம்பது பேர் உள்ள வகுப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். விடைத்தாள் திருத்துவதற்கு எளிதான கேள்விகளே நிலைத்து நிற்கின்றன என்பதும் வரலாறுதான். ஆனால் "இவனுக்கு இலக்கணம் வராது" என்று ஒரு பிள்ளையின் மீது முத்திரை குத்துவதற்கு முன், அளந்தது அவனுடைய இலக்கணத்தையா, நினைவாற்றலையா, கீழ்ப்படிதலையா என்று ஒரு தடவை யோசிக்க வேண்டும். அந்த முத்திரை சில பேருக்கு வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொள்கிறது. தமிழ் எழுதவே பயப்படும் பெரியவர்கள் எத்தனையோ பேர் அப்படித்தான் உருவாகிறார்கள்.

மூன்று வயதுக் குழந்தை யாரும் சொல்லித் தராமலேயே "அம்மா வந்தாள், நாய் வந்தது" என்று திணை மாறாமல் பேசுகிறது. இலக்கணம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. வகுப்பறையின் வேலை அதைக் கண்டுபிடிப்பது. கண்டுபிடித்ததற்கு ஒரு பெயர் சூட்டிக் குழந்தையிடமே திருப்பிக் கொடுப்பது.